ஊரை நினைத்து அழுதவர்களுக்கு

அன்புள்ள வாசகர் வட்டத்து இளையவர்களுக்கு,

றிச்சர்ட் லெவெலினின் ‘ஹவ் கிரீன் வாஸ் மை வேலி’ நாவலைப் பற்றி நீங்கள் பேசியதைக் கேட்ட பிறகு எனக்கும் சொல்ல நிறைய இருந்தது. கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் வயது போன ஒருவர் எழும்பிப் பேசத் தொடங்கினால் அதற்குப் பிறகு பிள்ளைகள் வாய் திறக்கமாட்டார்கள். யாழ்ப்பாணத்துக் கூட்டங்கள் பாதி கெட்டதே அப்படித்தான். அதனால் மடலாக எழுதுகிறேன். உங்களுக்கு மட்டுமன்றி, இந்தக் குடாநாட்டில் புத்தகம் வாசித்துக் கூடிப் பேசுகிற எல்லாப் பிள்ளைகளுக்குமாகவே இதை வைத்துக்கொள்ளுங்கள்.

மோர்கன் வீட்டுத் தகப்பனைப் பற்றி ஒரு தம்பி, “எங்கட அப்பு மாதிரியே கிடக்கு” என்றார். சனிக்கிழமை பின்னேரம் சுரங்கத்தால் வந்த ஆண்கள் சம்பளக் காசைத் தாயின் மடியில் போடுகிற இடத்தை வேறொருவர் வாசித்துக் காட்டினார். ஆண்பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கடல் கடந்து போய், கடைசியில் தாயும் தகப்பனும் வீடும் மிஞ்சுகிற இடம் வந்தபோது கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. கனடாவிலும் சுவிஸிலும் ஆளில்லாத குடும்பம் அந்த அறையில் இருந்திருக்காது. பள்ளிக்கூடத்தில் வேல்ஸ் மொழி பேசிய சிறுமியின் கழுத்தில் பலகை தொங்கவிட்ட கட்டத்தில் நீங்கள் 1956இன் தனிச்சிங்களச் சட்டத்தை நினைத்தீர்கள். நியாயம்தான். வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை ஒருவர், வீட்டைவிட்டு வெளிக்கிடும் கதைசொல்லி ஹியூ தன் சாமான்களைத் தாயின் தலைத்துணியில் முடிந்துகொள்கிற தொடக்கத்தைப் பற்றிச் சொன்னவற்றை நான் இங்கே எழுதமாட்டேன். அது அவருடையது.

ஒரு நல்ல நாவல் செய்ய வேண்டியதை இது உங்களுக்குச் செய்திருக்கிறது. நிலக்கரி என்பதையே கண்ணால் காணாத ஊரில் இருந்துகொண்டு, எண்பது வருசத்துக்கு மேலான ஒரு வேல்ஸ் கதைக்குக் கண் கலங்கியிருக்கிறீர்கள். எங்களிடம் கரிச் சுரங்கம் இல்லாவிட்டாலும், காங்கேசன்துறையில் சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் அகழ்ந்த குழிகள் இருக்கின்றன. 1950களில் இயங்கத் தொடங்கி 1990இல் யுத்தத்தோடு நின்றுபோன அந்த ஆலையையும், அதன் சங்கொலியை வைத்து நேரம் பார்த்த குடும்பங்களையும் பற்றி இந்த அளவுக்குக் கனமான ஒரு நாவலை நான் இன்னும் வாசிக்கவில்லை. உங்களில் ஒருவர் எழுதினால் முதல் பிரதிக்கு நான் காசு தருவேன்.

ஆனால் ‘எங்கட ஊர்க் கதைதானே’ என்று கூட்டத்தில் நீங்கள் சொன்ன வார்த்தையில்தான் எனக்கு ஒரு தடை இருக்கிறது.

முதலில் கூட்டத்தில் சூடு பிடித்த விசயம். லெவெலின் தன்னை வேல்ஸின் சென்ற் டேவிட்ஸ் நகரில் பிறந்தவர் என்று சொல்லிவந்தார். உண்மையில் அவர் 1906இல் பிறந்தது லண்டனை ஒட்டிய ஹெண்டனில். 1983இல் அவர் இறந்த பிறகுதான் இது பரவலாகத் தெரியவந்தது. கில்வாக் கோக் என்ற ஊர்ச் சுரங்கக் குடும்பங்களின் கதைகளைக் கேட்டுத்தான் நாவலை எழுதினார். இதை உங்களில் ஒருவர் சொன்னதும், “அப்ப எல்லாம் பொய்யோ?” என்று இன்னொருவர் கோபப்பட்டார். 1941இல் ஜோன் ஃபோர்ட் எடுத்த படமும் அப்படித்தான். யுத்த காலம் என்றபடியால் வேல்ஸுக்குப் போக முடியாமல், கலிபோர்னியாவில் மலிபு மலைப்பக்கத்தில் ஒரு வேல்ஸ் கிராமத்தையே கட்டி எழுப்பினார்கள். பச்சைப் பள்ளத்தாக்கின் கதை கறுப்பு வெள்ளையில் வந்தது. வந்து, ‘சிற்றிசன் கேன்’ படத்தைத் தள்ளிவிட்டு அந்த வருசத்துச் சிறந்த படத்துக்கான ஒஸ்காரையும் கொண்டுபோனது.

பிறப்புச் சான்றிதழை வைத்து நாவலை அளக்கிற பழக்கம் எனக்கு இல்லை. உரும்பிராயில் உயர்த்தப்பட்ட சாதி ஒன்றில் பிறந்த செ. கணேசலிங்கன்தான் 1965இல் ‘நீண்ட பயணம்’ எழுதி, ஒடுக்கப்பட்டவர்களின் வாழ்க்கையை ஈழத்து நாவலின் நடுவுக்குக் கொண்டுவந்தார். அவர் அந்தக் குடிசைகளில் பிறக்கவில்லை என்பதற்காக நாவல் பொய்யாகிவிடவில்லை. லெவெலின் எங்கே பிறந்தார் என்பது எனக்கு இரண்டாம் பட்சம். நாவலுக்குள் அவர் எங்கே நின்று பார்க்கிறார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

இதற்காகவே கூட்டத்தில் ஒருவரும் தொடாத ஓர் அத்தியாயத்தை நினைவுபடுத்துகிறேன். ஊரில் ஒரு சிறுமி கொடூரமாகக் கொல்லப்படுகிறாள். ஊரார் தேடிப் போவது ஊருக்குச் சற்று விலகியிருக்கிற வீட்டு வரிசைகளை. சுரங்கத்தின் கடைநிலைக் கூலிகள், வெளியூரிலிருந்து வந்தவர்கள், கலப்பில் பிறந்தவர்கள் என்று சொல்லப்படுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். குற்றவாளியும் அங்கேதான் பிடிபடுகிறான். பொலிஸ் வேண்டாம் என்று ஊரே நீதி வழங்குகிறது. முன்னால் நிற்பவர் நீங்கள் எல்லோரும் விரும்பிய போதகர் குரூஃபிட். படம் மட்டும் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டம் தெரியவராது. நாவலை வாசித்தவர்கள் ஏன் விட்டீர்கள்? ஹியூவின் குரல் அவ்வளவு இனிமையானது. அந்தக் குரல் அந்த வீடுகளைக் கழிவு என்று சொல்லும்போது நாமும் சேர்ந்து தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம்.

அந்த வரிசைகளில் ஒரு வீட்டின் வாசலில் நின்று யாராவது இந்தக் கதையைச் சொல்லியிருந்தால்? மோர்கன் வீட்டு மேசையும், அம்மாவின் மடியில் விழுந்த காசும், கோயிற் பாட்டும் அங்கேயிருந்து எப்படித் தெரிந்திருக்கும்?

‘எங்கட ஊர்’ என்ற வார்த்தையிலுள்ள ‘எங்கட’ யாருடையது என்று நான் கேட்பது இதனால்தான்.

வேல்ஸிலேயே இதற்கு ஒரு பதில் இருந்தது. லெவெலினின் நாவல் வந்த அதே 1939இல் ‘வீ லிவ்’ என்ற நாவலும் வந்தது. எழுதியவர் லூயிஸ் ஜோன்ஸ். சிறுவயதிலேயே சுரங்கத்துக்குள் இறங்கியவர், தொழிற்சங்கக்காரர், கம்யூனிஸ்ட். அதற்கு இரண்டு வருசம் முன்னால் ‘குமார்டி’ என்ற நாவலை எழுதியிருந்தார். ஸ்பெயினுக்காக ஒரே நாளில் கூட்டம் கூட்டமாகப் பேசி அலைந்தவர், அன்றிரவே இறந்துபோனார். இரண்டாவது நாவல் அச்சில் வந்ததை அவர் பார்க்கவில்லை. லெவெலின் உலகப் புகழ் பெற்றார். ஜோன்ஸை வேல்ஸ்காரர்களும் இடதுசாரிகளும் வாசித்தார்கள். ஜோன்ஸின் மேல் சொன்ன குற்றச்சாட்டு உங்களுக்குப் பழக்கமானதுதான்: பிரசாரம்.

எங்கள் பக்கத்தில் அதே குற்றச்சாட்டைச் சுமந்தவர் ஆனைக்கோட்டையில் பிறந்த கே. டானியல். அதிகம் படிக்கவில்லை, பட்டறை வைத்து இரும்பு ஒட்டிப் பிழைத்தவர். ஒரு கையில் கட்சி வேலை, மறு கையில் பேனை. 1972இல் வந்த ‘பஞ்சமர்’ முதற்கொண்டு ‘கோவிந்தன்’, ‘அடிமைகள்’, ‘கானல்’ என்று யாழ்ப்பாணத்துச் சாதியின் உட்புறத்தை நாவல் நாவலாகத் திறந்து வைத்தார். ‘கானல்’, கிறிஸ்தவ வேதத்துக்கு மாறினாலும் விடாமல் கூடவே வந்த சாதியின் கதை. மோர்கன் குடும்பத்துச் சபையைப் பற்றி இவ்வளவு பேசிய நீங்கள் அதை வாசித்துவிட்டு வந்தால் பேச்சு வேறு விதமாகப் போகும். 1986 மார்ச்சில் அவர் தஞ்சாவூரில் காலமாகி, அங்கேயே அடக்கமும் ஆனார். தமிழ்நாட்டில் அவரைத் தலித் இலக்கியத்தின் முன்னோடி என்று கொண்டாடத் தொடங்கிய பிறகுதான் எங்களூரில் பலருக்கு அவர் ‘எங்கட டானியல்’ ஆனார். இப்படியான விசயங்களில் நாங்கள் கொஞ்சம் தாமதம்தான்.

டானியலைப் பற்றி யாழ்ப்பாணத்து வாசகர்கள் சொன்னவற்றைப் பல வருசமாகக் கேட்டிருக்கிறேன். கலைநயம் போதாது. உயர்சாதிப் பாத்திரங்கள் எல்லாம் ஒரே அச்சு. எதற்கு இந்தப் பழைய புண்ணைக் கிளறுவது? கடைசியாக, மெல்லிய குரலில், “இப்ப அதெல்லாம் ஆர் பாக்கினம்?”

முதல் இரண்டில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. டானியல் அவசரமாக எழுதிய பக்கங்களும் உண்டு. சில பாத்திரங்கள் பேசுவது கூட்டத்தில் பேசுவதுபோல இருக்கும். ஆனால் லெவெலினின் சுரங்க முதலாளிகளில் எத்தனை பேருக்கு முகம் இருக்கிறது என்று யாராவது கேட்டீர்களா? அங்கே அதைக் குறையாக எடுக்காத நாங்கள், இங்கே கமக்காறனுக்கும் நயினாருக்கும் மட்டும் நுணுக்கமான உள்ளம் வேண்டும் என்று கேட்கிறோம். தூரத்து நியாயத்துக்குக் கண் கலங்குவது எளிது. பக்கத்து வளவு நியாயத்துக்குக் கலைநயம் பார்க்கிறோம்.

இது புதுச் சண்டையுமில்லை. 1960களின் தொடக்கத்தில், பேச்சுவழக்கில் எழுதியவர்களின் இலக்கியத்துக்கு ‘இழிசனர் இலக்கியம்’ என்று பெயர் வைத்தவர்கள் படித்த தமிழறிஞர்கள். 1963இல் யாழ்ப்பாணத்துச் சாகித்திய விழாவில் அந்தப் பக்கத்தை எதிர்த்துக் கூழ்முட்டை பறந்தது. முட்டை எறிந்ததை நான் நியாயப்படுத்தவில்லை. முற்போக்கு எழுத்தாளர் அணிக்குள்ளேயே அது பிளவை வளர்த்தது. ஆனால் ஒரு மொழி யாருடையது என்பதில் அவ்வளவு ஆத்திரம் இருந்த காலம் அது. கஸ்தூரியார் வீதியில் சவரக்கடை வைத்திருந்த டொமினிக் ஜீவா, தலைமயிர் வெட்டிய அதே கையால் 1966இல் ‘மல்லிகை’ இதழைத் தொடங்கி, நாற்பது வருசத்துக்கு மேல் நடத்தினார். வாசகர்களைத் தேடித் தெருவில் இதழை விற்றவர் அவர். யாழ்ப்பாணத்து வாசகர் என்றால் யார் என்பதையே மாற்றியவர்களில் ஒருவர்.

1966 என்றதும் ஒரு திகதி நினைவுக்கு வருகிறது. அதை அறிந்த நாளிலிருந்து என்னால் இந்த வேல்ஸ் நாவலைப் பழையபடி வாசிக்க முடியவில்லை.

அந்த வருசம் ஒக்ரோபர் 21, வெள்ளிக்கிழமை. காலை ஒன்பதே கால் மணிக்கு வேல்ஸின் அபர்வான் கிராமத்துக்கு மேலே மலைச்சரிவில் குவித்திருந்த சுரங்கக் கழிவு மேடு மழையில் ஊறிச் சரிந்து, கீழே பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 116 பிள்ளைகள், 28 பெரியவர்கள் இறந்தார்கள். நாவலில் ஹியூவின் வீட்டின் மேல் சாய்ந்துகொண்டு வருகிற அதே கழிவு மேடுதான் இது. கதையில் அது வருசக் கணக்காக மெல்ல நெருங்குகிறது. நிசத்தில் சில நிமிடம்.

அதே 21ஆம் திகதி, எங்கள் சுன்னாகத்தில், தீண்டாமைக்கு எதிராக யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போகக் கூடிய கூட்டத்தின் மேல் பொலிஸ் தடியடி நடத்தியது. தடியடி விழுந்தும் ஊர்வலம் கலையவில்லை. காங்கேசன்துறை வீதியால் நடந்து யாழ்ப்பாணம் வந்து முற்றவெளியில் கூட்டம் போட்டார்கள். ஒக்ரோபர் எழுச்சி என்று இடதுசாரிகள் இன்றைக்கும் நினைவுகூருவது அதைத்தான். தேநீர்க் கடைக்குள் இருந்து குடிக்கவும், கோயிலுக்குள் போகவும், கிணற்றில் அள்ளவும் அதற்குப் பிறகு சங்கானையிலும் கரவெட்டியிலும் கொடிகாமத்திலும் நடந்த போராட்டங்களில்தான் ‘பஞ்சமர்’ வேர் கொண்டது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்களைத் தடுக்க நின்றவர் யார் தெரியுமா? சி. சுந்தரலிங்கம், கணிதப் பேராசிரியராக இருந்தவர், மந்திரியாக இருந்தவர். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் அவர் நீதிமன்றம் போக வேண்டி வந்தது. அந்த வாசல் சண்டையை வைத்து என். கே. ரகுநாதன் ‘கந்தன் கருணை’ நாடகம் எழுதினார்.

இரண்டும் ஒரே நாளில் நடந்தது தற்செயல். அதிலிருந்து ஒன்றையும் நிறுவ வரவில்லை. ஆனால் அபர்வானில் பிறகு நடந்ததைக் கேளுங்கள். 1967இல் விசாரணை மன்றம் பழியைத் தேசிய நிலக்கரிச் சபையின் மேல் பெயர் சொல்லிச் சுமத்தியது. அப்படியிருந்தும், மிச்சக் கழிவு மேடுகளை அகற்றுகிற செலவுக்கென்று, செத்த பிள்ளைகளின் பெயரில் உலகம் அனுப்பிய நிதியிலிருந்து 150,000 பவுணை எடுத்தார்கள். திருப்பிக் கொடுத்தது 1997இல். லெவெலினின் ஹியூவுக்கும் அந்த மேட்டின் மேல் கோபம் உண்டு. முதலாளியின் பெயர் சொல்லித் தொடங்குகிற அந்தக் கோபம் கொஞ்சத்தில் கரைந்து, காலம் கெட்டுப்போச்சு, மனிதர் கெட்டுப்போச்சினம், அன்னியர் வந்து சேர்ந்தினம் என்று ஏக்கமாக ஓடிவிடுகிறது. ஏக்கத்துக்கு ஆளின் பெயர் வேண்டியதில்லை. விசாரணை மன்றத்துக்கு வேண்டும். டானியலுக்கும் வேண்டியிருந்தது. அவர் நாவல்கள் முரடாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி வலிகாமம் வடக்குக்கு வருகிறேன். 1990இல் வெளிக்கிட்ட எல்லோரும் ஒரே மாதிரித்தான் வெளிக்கிட்டார்கள். யுத்தம் முடிந்த பிறகு காணிகள் துண்டு துண்டாக விடுபட்டபோது, உறுதி வைத்திருந்தவர்கள் போய் எல்லைக்கல்லைத் தேடினார்கள். சிலருக்கு இன்னும் கிடைக்கவில்லை; அந்த அநியாயம் வேறு. ஆனால் மல்லாகம், சுன்னாகம் பக்கத்து முகாம்களில் இருபது, முப்பது வருசத்துக்குப் பிறகும் மிஞ்சிக் கிடந்தவர்களில் பெரும்பங்கினர் யார்? காணியே இல்லாதவர்கள். மற்றவர்களுடைய வளவில் குடியிருந்து கூலிக்குப் போனவர்கள், கடற்கரையில் கொட்டில் போட்டிருந்தவர்கள், தலைமுறையாக ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். இராணுவம் காணியை விட்டாலும் அவர்களுக்குத் திரும்பிப் போக இடமில்லை. அவர்கள் போய் நிற்கக்கூடிய எல்லைக்கல் அங்கே ஒருபோதும் இருந்ததில்லை. ஊரை நினைத்து அழுவதற்குக்கூட எங்களுக்குள் ஒரு காணி உறுதி தேவைப்பட்டிருக்கிறது.

ஹியூவுக்குத் தாயின் தலைத்துணியும் விட்டுப்போக ஒரு வீடும் இருந்தன. அந்த ஓரத்து வரிசைக்காரரிடம் என்ன இருந்தது என்று லெவெலின் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதேங்கோ. சுரங்கத்துக்குள் இறங்கிய வேல்ஸ் பிள்ளைகளுக்காக இரங்கிய எங்கள் வீடுகளில் பலவற்றில், மலையகத் தோட்டத்திலிருந்து கூட்டிவந்த பிள்ளைகள் பாத்திரம் கழுவினார்கள். உங்கள் அம்மம்மாமாரிடம் கேளுங்கள். கோகிலம் சுப்பையா தோட்டத்து மக்களை வைத்து எழுதிய ‘தூரத்துப் பச்சை’ யாழ்ப்பாணத்துப் புத்தக அலுமாரிகளில் அந்தக் காலத்திலேயே இருந்தது. அலுமாரியைத் துடைத்த பிள்ளைக்கு வாசிக்கத் தெரிந்திருந்ததா என்று கேட்டவர்கள் குறைவு.

இதெல்லாம் சொல்வதால் வேல்ஸ் நாவலைக் கீழே வையுங்கள் என்று அர்த்தமில்லை. அதில் அந்தத் தாய் மலையில் ஏறி, பனிக்குள் நின்று, தன் புருசனுக்கு எதிராகப் பேசிய வேலைநிறுத்தக்காரரை மிரட்டுகிற இடம் எனக்கும் பிடிக்கும். எத்தனை முறை வாசித்தாலும் பிடிக்கும். அவள் யாழ்ப்பாணத்தில் பிறந்திருக்க வேண்டியவள்.

அடுத்த கூட்டத்துக்கு என் யோசனை இது. ‘பஞ்சமர்’ எடுங்கள். பிரதி கிடைக்காவிட்டால் நூலகம் எண்ணிம நூலகத்தில் டானியலின் நூல்கள் கிடக்கின்றன, கைத்தொலைபேசியிலேயே வாசிக்கலாம். வழக்கமாகக் கூடும் வீட்டை இந்த முறை விடுங்கள். எங்கள் ஊர்களில் ஒரே ஊருக்குள் இரண்டு சனசமூக நிலையம் ஏன் இருக்கிறது, இரண்டு வாசிகசாலை ஏன் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். தெரியாததுபோல இருக்கப் பழகியிருக்கிறீர்கள். நீங்கள் இதுவரை படி ஏறாத வாசிகசாலையின் நிர்வாகத்திடம் போய், உங்களோடு சேர்ந்து இந்த நாவலைப் பேச விருப்பமா என்று கேளுங்கள். மாட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு முழு உரிமையும் உண்டு. சொன்னால் காரணம் கேட்காமல் திரும்பி வாருங்கள். வாருங்கோ என்றால், தேநீர் அவர்கள் தருவதைக் குடியுங்கள், கதிரையில் அவர்கள் காட்டிய இடத்தில் இருங்கள், முதலில் அவர்களைப் பேச விடுங்கள். “இப்ப அதெல்லாம் ஆர் பாக்கினம்” என்ற கேள்வியை அங்கே வைத்துக் கேளுங்கள். பதில் வரும்.

நானும் வருவேன். பின் வரிசையில் ஓர் இடம் போதும்.

அன்புடன்,
உங்கள் கூட்டங்களுக்கு வந்துபோகும் பழைய வாசகர்